டார்ச்சைக் கொஞ்சம் இப்படிக் காட்டு, தம்பி

எங்கள் எதிர்வீட்டு சாருக்குப் புகைதான் பஞ்சாங்கம். தெருவில் எந்த வண்டி கிளம்பினாலும் வாசலுக்கு வந்து அதன் பின்பக்கத்தைப் பார்ப்பார். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம். நிற்காமல் வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கெட். நீலமாக வந்தால் ஆயில். பலன் சொல்லக் காசு வாங்கமாட்டார். பரிகாரத்தை மட்டும் நம் கையாலேயே செய்யச் சொல்வார். "மெக்கானிக்கிட்ட மட்டும் போயிடாதே. போர் போச்சு, ரிங் போச்சுன்னு இன்ஜினையே இறக்கிடுவான்."

போன மாதம் அவர் வண்டியே நீலப்புகை விட்டது. 1998 மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. கம்பெனி 2014இல் அந்த மாடலை நிறுத்திவிட்டது; சார் நிறுத்தவில்லை. வேறு யாராக இருந்தாலும் முகம் வாடியிருக்கும். இவர் பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைத்தவர் மாதிரி வந்து நின்றார்.

"ரிங் தேஞ்சிருந்தா வண்டி இழுக்கும்போதெல்லாம் புகையும், தம்பி. இது காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஒரு மேகம், அவ்வளவுதான். ராத்திரி ஹெட்டுல நிக்கிற ஆயில் வால்வ் தண்டு வழியா சொட்டுச் சொட்டா கீழே எறங்குது. வால்வ் சீல் ரப்பர் காஞ்சு வறட்டியாயிடுச்சு." ஏற்காட்டிலிருந்து கியரிலேயே இறங்கி வந்து அடிவாரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோதும் ஒரு மேகம் கிளம்பியதாம். அத்தாட்சி போதும்.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வதெல்லாம் சரி. தப்பாகப் போனால் பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் முதன்முதலில் அவர் வாசலுக்குப் போனேன். ஏழு வருடமாகிறது, இன்னும் சிரிக்கக் கிடைக்கவில்லை. ஒரு நாள் வேலை மூன்று ஞாயிறு இழுக்கும். டார்ச் பிடிப்பவன் நான். இதுதான் கண்ட பலன். நெற்றியில் மாட்டும் விளக்கு ஒன்று அவர் பையன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். தொடமாட்டார். "அது நான் பார்க்கிற இடத்துல அடிக்கும். எனக்கு நான் பார்க்கப்போற இடத்துல வெளிச்சம் வேணும்."

ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றப்போகிறார். சீலை எடுக்க ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். கழற்றினால் வால்வ் சிலிண்டருக்குள் விழுந்துவிடும். விழாமலிருக்கக் கயிறு. பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்து, ஒரு முனையை வெளியே விட்டு, புல்லியில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றை வால்வோடு அழுத்திப் பிடிக்கும். படுக்கைக்கடியில் பழைய துணியைத் திணித்து முட்டுக் கொடுப்பதுபோல.

"ஏங்க, கொடிக்கயிறைக் காணோம்" என்று உள்ளேயிருந்து சார் வீட்டம்மாவின் குரல் வந்தது.

"ரெண்டாவது சிலிண்டர்ல இருக்கு."

பதில் வரவில்லை. அந்த வீட்டில் இது பதில்தான். அஞ்சறைப்பெட்டியும் ஏற்கெனவே வாசலில்தான் இருந்தது. ஆறு வால்வுக்கு ஆறு கிண்ணம். எந்த வால்வ் லாக்கும் இன்னொரு கிண்ணத்துக்குப் போகக்கூடாது. நடுக் கிண்ணத்தில் மட்டும் கொஞ்சம் வெந்தயம் விட்டுவைத்திருந்தார்.

வால்வ் லாக் என்பது உடைத்த வேர்க்கடலைப் பருப்பைக் குடைந்தெடுத்த மாதிரி இருக்கும். வால்வுக்கு இரண்டு, ஆக மொத்தம் பன்னிரண்டு. ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் அழுத்தி, கிரீஸ் தொட்ட ஸ்க்ரூடிரைவர் முனையில் ஒட்டி எடுக்க வேண்டும். ஒன்பது வந்தது. பத்தாவதில் கம்ப்ரஸர் வழுக்கி 'டிங்' என்றது. சார் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டார்ச் சரியாகத்தான் காட்டியிருந்தேன்.

ஹெட்டிலுள்ள ஆயில் ஓட்டைகளை முன்பே துணியால் அடைத்திருந்ததால் உள்ளே போயிருக்காது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிக் கோலம், சாக்கடை மூடி, செம்பருத்தித் தொட்டி என்று இழுத்துக்கொண்டே போனார். இரண்டு ஆணி, ஒரு கொண்டை ஊசி, போன வருடம் தொலைந்த பத்தாம் நம்பர் நட்டு எல்லாம் வந்தன. நட்டுக்காக ஐந்து நிமிடம் சந்தோஷப்பட்டார். லாக் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் தேடி ஜிபி ரோடு. ஒற்றை லாக் எந்தக் கடையிலும் தரவில்லை, செட்டாகத்தான். வாங்கி வந்தும் அந்த ஒரு வால்வுக்கு மட்டும் புது ஜோடி போட்டார், மற்றதெல்லாம் பழசே. மூன்றாம் ஞாயிறு டேப்பட் கவர் மூடியது. திங்கள் காலை ஸ்டார்ட் செய்தார். துளி புகையில்லை. இரண்டாம் தடவை அணைத்துப் போட்டபோது அவருக்கு லேசாக ஏமாற்றம் என்றே பட்டது.

அன்று சாயங்காலம் என் சட்டையைத் துவைக்கப் போட்ட என் மனைவி, "பையில என்ன இரும்பு?" என்று கேட்டு உள்ளங்கையை நீட்டினாள். குடைந்த வேர்க்கடலைப் பருப்பு.

இன்னும் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அசல் ஜோடியை அசல் வால்விலேயே போட வேண்டும் என்பார். இப்போது லாக் எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில், கடுகுக்கு அடியில் இருக்கிறது.