நாற்காலி வந்தா காது போயிரும் கண்ணு

வாங்க மேனேசர் சார், வாங்க. செருப்பை வெளியவே உடுங்க, இது உங்க கேபின் இல்ல, உங்கம்மாளைப் பெத்த அப்புச்சி ஊடு. ஊரே பேசுது கண்ணு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில நம்ம பையன் புரடக்சன் மேனேசராயிட்டானாம், தனி ரூமாம், ஏசியாம், கண்ணாடிக் கதவாம். கதவு மேல பேரு வேற ஒட்டியிருக்காங்களாமே? ரொம்பச் சந்தோசம். பேரு ஒட்டுன அன்னைக்கே உன்ற காதைக் கழட்டி வாங்கிக்கிட்டாங்கன்னு ஆரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அதைச் சொல்லத்தான் இந்தக் கெழவன் இருக்கேன்.

போன மாசம் வரைக்கும் நீ டீக்கடைப் பெஞ்சுல உக்காந்தா சுத்தி நாலு பேரு உக்காந்து, எந்த மிசின் மக்கர் பண்ணுது, எந்த டைலரு பக்கத்துக் கம்பெனியில அட்வான்ஸ் வாங்கிப்போட்டான்னு ஒண்ணு உடாமச் சொல்லுவாங்க. இப்பப் போயி உக்காந்து பாரு. பெஞ்சு காலியாயிரும். மிச்சம் இருக்கற ஒருத்தனும் "மழை வருமாட்ட இருக்குதுங்க"ன்னுதான் பேசுவான். நீ மாறலே. ஆனா உன்ற கையில அவன் சம்பளம் இருக்குதல்ல?

சரி, மேனேசரு லட்சணம் என்னன்னு கேக்க வந்திருக்கே, எழுதிக்கோ. காலையில எட்டரைக்கு உள்ள நொழைஞ்சதும் ஒருத்தனைப் புடிச்சு, அத்தினி பேரும் பாக்கறாப்பல வெய்யோணும். அவன் தப்புப் பண்ணுனானாங்கறதெல்லாம் பொறவு பாத்துக்கலாம். ஆராச்சும் கெட்ட சேதியோட ரூமுக்கு வந்தா, வாயைத் தொறக்கறதுக்கு முந்தியே "பிரச்சினையைக் கொண்டாராதே, தீர்வைக் கொண்டா"ன்னு சொல்லிப்போடு. ஏதோ டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்கன்னியே, அதேதான். ஒரே மாசத்துல உன்ற ரூமுக்குப் பிரச்சினை வர்றது நின்னுரும். ஃப்ளோரு பூராவும் இருக்கும், உன்ற ரூமுல மட்டும் இருக்காது. ஏசியைப் போட்டுக்கிட்டு நோவாம உக்காந்துக்கலாம்.

என்ன சிரிக்கறே? நெசமாத்தான். கட்டிங்ல ரெண்டு லாட்டுத் துணி கலந்துபோச்சுன்னு வையி. ரெண்டும் நீலந்தான், ஒண்ணு மட்டும் இத்தினியூண்டு மங்கல். டியூப்லைட்டு வெளிச்சத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது. முன்பக்கம் ஒரு லாட்டு, கை ஒரு லாட்டுன்னு பவர்டேபிளுக்குப் போயிரும். இதை மொதல்ல கண்டுபுடிக்கறது ஆரு? நீயா? நீ கம்ப்யூட்டர்ல சார்ட்டு பாத்துக்கிட்டு இருப்பே. டைலருக்குப் பக்கத்துல நின்னு பீஸு எடுத்துக் குடுக்குதே கைமடிப் புள்ள, அது சன்னலோரம் திரும்பறப்பப் பாத்துப்போடும். பாத்துப்போட்டு வாயை மூடிக்கும். ஏன்னா, போன வாரம் ஊசி ஒடைஞ்சுதுங்கன்னு சொல்ல வந்த பையனுக்கு நீ குடுத்த மருவாதையை அந்தப் புள்ளையும் பாத்துச்சு.

ஊசிச் சமாச்சாரம் உனக்கே தெரியும். ஒடைஞ்சா துண்டு பூராவும் தேடிப் புடிச்சு, ரிசிஸ்டர்ல ஒட்டி, அப்பறந்தான் புது ஊசி. அதுக்கும் வசவு வாங்கோணும்னா அடுத்த தடவை பையன் தேட மாட்டான், கமுக்கமா இருந்துக்குவான். அந்தத் துண்டு எந்தக் கொழந்தையோட சட்டைக்குள்ள போயிக் குத்துமோ.

நீலத் துணிக்கு வருவோம். தைச்சு, செக்கிங் தாண்டி, அயர்ன் போட்டு, பொட்டியும் கட்டியாச்சு. பையரோட ஆளு வந்து இத்தினி தப்புக்கு மேல ஆகாதுன்னு ஏ.க்யூ.எல். 2.5 கணக்குப் போட்டு, பீஸை வெளிய வெளிச்சத்துல கொண்டுபோயிப் பிரிச்சுப் பாத்தா அத்தனையும் ஃபெயிலு. மறுக்கா தைக்கறதுக்கு நாளு பத்தாது. கப்பல்ல போக வேண்டிய சரக்கை ஏர்ல அனுப்போணும். சரக்கு ஏறுறதுக்கு முந்தி லாபம் பறந்துபோயிரும். மொத நாளே அந்தப் புள்ள "அண்ணா, கலரு வேற மாதிரி இருக்குதுங்க"ன்னு சொல்லியிருந்தா நாலு பண்டலோட போயிருக்கும்.

உன்ற எம்பிஏ புஸ்தகத்தை நானும் பொரட்டிப் பாத்தேன். எனக்கு எங்க இங்கிலீசு வருது, உன்ற தங்கச்சி படிச்சுச் சொல்லுச்சு. அமெரிக்காவுல சிகாகோப் பக்கத்துல ஹாதார்ன்னு ஒரு ஃபேக்டரி, டெலிபோன் சாமான் செய்யறது. வெளிச்சத்தைக் கூட்டுனா வேலை கூடுமான்னு 1924-ல பாக்க ஆரம்பிச்சாங்களாம். அந்தக் கணக்கு செல்லுமா செல்லாதான்னு பின்னால வந்தவங்க இன்னும் சண்டை போடறாங்களாம், அது கெடக்குது. எனக்குப் புடிச்சது அதுக்கப்பறம் நடந்தது. 1928-ல இருந்து ஆளுகளை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு உக்கார வெச்சு, இருபதாயிரம் பேருக்கு மேல கொறை கேட்டிருக்காங்க. மொதல்ல கையில கேள்வி எழுதி வெச்சுக்கிட்டுத்தான் கேட்டாங்களாம். ஆளுக அதை உட்டுப்போட்டு வேற எதையோ பேசியிருக்காங்க. கெட்டிக்காரனுக, கேள்வியைக் கடாசிப்போட்டு, "நீயே பேசு"ன்னு உட்டுட்டாங்க. உங்க மீட்டிங்ல அரைமணி நேரம் நீ பேசிப்போட்டு, கடைசியில "எனி டவுட்ஸ்?"னு கேட்டா ஆரு கண்ணு வாயைத் தொறப்பா?

ஜப்பான்ல டொயோட்டாக்காரன் லைனோரத்துல கயிறே கட்டித் தொங்க உட்டானாம். தப்பைப் பாத்த ஆளு இழுத்தா லீடரு ஓடியாருவான், வெசையாத் தீரலைன்னா லைனே நின்னுரும். நாமளும் கட்டலாம், கயித்துக்கு என்ன பஞ்சம்? மொதல்ல இழுத்தவனுக்கு என்ன கெடைக்குதுன்னு பாத்துத்தான் ரெண்டாவது ஆளு இழுப்பான். நம்ம வள்ளுவரு மட்டும் எளப்பமா? பெரியாரைத் துணைக்கோடல்னு தனி அதிகாரமே போட்டு, இடிச்சுச் சொல்ல ஆளில்லாத ராசா எதிரி இல்லாமயே கெடுவான்னு எழுதி வெச்சுப்போட்டாரு. பள்ளிக்கூடத்துல மார்க்குக்குப் படிச்சே, மேனேசரானதும் மறந்துபோட்டே.

அப்ப என்னதான் பண்றதுங்கறே. ரூமை உட்டு எந்திரிச்சுப் போ. ஒரு நாளைக்கு ஒருத்தன், அவன் மிசினுக்குப் பக்கத்துல ஸ்டூலப் போட்டுச் சித்தெ நேரம் உக்காரு. "எல்லாம் நல்லாருக்கா?"ன்னு கேக்காதே. அதுக்கு ஒரே பதிலுதான், "நல்லாருக்குதுங்க". "நேத்து பண்டலு வராம எத்தினி நேரம் சும்மா உக்காந்திருந்தே?"ன்னு கேளு. பீஸ் ரேட்டுக்குத் தைக்கறவனுக்குச் சும்மா உக்கார்ற நேரம் அத்தனையும் அவன் சோத்துல கை வெக்கறது. மொதல்ல உன்னை ஒரு மாதிரிப் பாப்பான். நாலாவது ஆளு கொட்டுவான். கொட்டுனதைக் கேட்டுப்போட்டு அன்னைக்கே கட்டிங்ல போயி அந்தப் பண்டலைத் தள்ளிக் குடு. கேட்டுப்போட்டு ஒண்ணும் பண்ணலைன்னா, கேக்காமயே இருந்திருக்கலாம்னு ஆயிரும்.

கெணத்துல மாடு கட்டிக் கவலை எறைக்கறதை நீ பாத்திருக்க மாட்டே. மாடு பள்ளத்துல எறங்கறப்ப ஓட்டறவன் வடத்து மேல ஏறி உக்காந்துக்குவான். அவன் பாரமும் சேந்து தண்ணிச் சாலை மேல இழுக்கும். நீயும் பாரமாத்தான் இருக்கப்போறே கண்ணு, சம்பளத்தைப் பாத்தாலே தெரியுது. எங்க ஏறி உக்கார்றேங்கறதுதான் கேள்வி. மாட்டு முதுகுல உக்காந்துக்காதே.

அப்பறம் அந்த "இந்திக்காரன்"ங்கற பேச்சை உடு. ஒடிசாவுல இருந்து வந்தவனுக்கு ஒடியா, பெங்காலுல இருந்து வந்தவனுக்கு வங்காளம். அவனும் உன்னாட்டவே இந்தியைக் கஷ்டப்பட்டுத்தான் பேசறான். பேரைக் கேட்டு வெச்சுக்கோ. "ஏய், நாலாம் மிசின்"னு கூப்பிட்டா மிசினுதான் திரும்பிப் பாக்கும்.

இன்னொண்ணு, இதைச் சாக்கிரதையாக் கேளு. ஒருத்தன் தானா வந்து உன்ற காதுக்குள்ள ஊதுவான். "அவன் உங்களைப் பத்தி இப்பிடிப் பேசறானுங்க, இவன் சங்கத்துல சேந்துட்டானுங்க." சேதி வருதுன்னு பூரிச்சுப்போயிராதே. வேலையைப் பத்தி வர்ற சேதிக்கு டீ வாங்கிக் குடு. ஆளைப் பத்தி வர்ற சேதிக்கு, "சரி, உன்ற டேபிள்ல என்ன நெலவரம்?"னு கேளு. அடுத்த தடவை வர மாட்டான்.

ஒன்றரை ஷிப்ட்டைப் பத்தியும் கெட்ட சேதி வரும். ஓவர்டைமுக்கு ரெட்டைக் கூலின்னு 1948-லயே தொழிற்சாலைச் சட்டத்துல எழுதியாச்சு. பல எடத்துல அந்த அரை ஷிப்ட்டுக்கு ஒத்தைக் காசுதான் கைக்கு வருது. அதை மொதலாளிகிட்டக் கொண்டுபோறது உன்ற வேலை. அங்க நீ கைமடிப் புள்ளையாட்ட வாயை மூடிக்கிட்டயின்னா, கீழ இருக்கறவனுக்கு மறுநாளே தெரிஞ்சுபோயிரும்.

தீவாளி வருது. போனஸு கொறைஞ்சது 8.33 சதவீதம்னு சட்டம், அது மொதலாளி கணக்கு. ஊருக்குப் போனவன்ல எத்தினி பேரு திரும்பி வர்றாங்கறது உன்ற கணக்கு. வராதவனுக்குப் போன் போட்டா "சம்பளம் பத்தலீங்க"ன்னு மருவாதியாத்தான் சொல்லுவான். எங்கிட்டன்னா வேற சொல்லுவான்.

போன் அடிக்குது பாரு. ஆரு, உன்ற சூப்பர்வைசரா? ராத்திரி ஒம்பது மணிக்குக் கூப்பிடறான்னா நல்ல சேதியா இருக்காது. கட் பண்ணிப்போடாதே, எடு. ஸ்பீக்கர்ல போடு கண்ணு, நீ மொத வார்த்தை என்ன சொல்றேன்னு நானும் கேக்கோணும்.