வாசலில் எதைக் கழற்றுவது?

கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனால் செருப்போடு மூளையையும் வாசலில் விட்டுவிட வேண்டுமா? (வாசகர், பனிச்சங்கேணி)

செருப்பு தொலைந்தால் புதிது வாங்கலாம். மற்றதுக்குக் கடை இல்லை! கடவுளை இருதயம், ஆத்துமா, பலம் மூன்றாலும் நேசிக்கச் சொன்னது உபாகமம். மாற்கு 12இல் இயேசு அதே கட்டளையைச் சொல்லும்போது, சிந்திக்கும் மனமும் நான்காவதாகச் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் சொர்க்கம் கணக்கு வாத்தியார்மாருக்குத்தானா? (அதே வாசகர், விடமாட்டார் போல)

ஒரு கணக்குக்காரர் கதை கேளுங்கள். பாஸ்கல், கணக்குப்பொறி செய்த பிரெஞ்சு மேதை. 1654 நவம்பர் 23 இரவு அவருக்கு ஓர் இறை அனுபவம். அதைக் காகிதத்தில் எழுதி, கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662இல் அவர் இறந்த பிறகுதான் வேலைக்காரர் கண்டெடுத்தார். கணக்குப்பொறியை ஊருக்கெல்லாம் காட்டியவர், இதை ஒருவருக்கும் காட்டவில்லை. ஆனால் அந்த இரவுக்குப் பிறகும் கணக்குப் போட்டார்.

பிரான்ஸ் இருக்கட்டும். மட்டக்களப்பில் இதயம் பெரிதா, அறிவு பெரிதா? (வாசகி, பனிச்சங்கேணி)

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்றார்கள். லாங் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அந்த ஒலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி ஒலிபரப்பியது. நம்பாதவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு வாவிக்குப் போவாரா? நம்பினால் போதும் என்பவருக்கு மைக் எதற்கு? இதயம், அறிவு இரண்டும் அந்தப் பாதிரியாரின் ஒரே அங்கிக்குள் இருந்திருக்கின்றன. பாடுவது மீனா, சிப்பியா என்ற வழக்குத்தான் இன்னும் தீரவில்லை.