மடக்கு நாற்காலித் தாத்தா: ஒரு திணை ஆய்வு

பேஸ்பாலில் அமெரிக்கர்கள் எண்ணாமல் விட்டது எதுவுமில்லை. பந்தில் 108 இரட்டைத் தையல் என்பது வரை எண்ணி வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் ஆடும் மைதானத்தின் வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு, ஒன்றும் புரியாமல், தப்பான இடத்தில் பலமாகக் கைதட்டும் தாத்தாவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அப்பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு. களம், நியூ ஜெர்சியில் ஒரு பூங்கா. காலம், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சனிக்கிழமைகள். கருவிகள், மேற்படி நாற்காலி, பிளாஸ்க், டவரா டம்ளர், ஏப்ரல் குளிருக்கு ஒரு மங்கி குல்லா. ஆய்வாளர் ஓய்வுபெற்ற கணக்கர். கிரிக்கெட் மட்டுமே அறிந்தவர்.

முன்வரலாறு சுருக்கமாக: 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்றே அணிகளை வைத்து லிட்டில் லீக்கைத் தொடங்கினார். ஜூன் 6 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் மரக் கம்பெனி அணி பால் பண்ணை அணியை 23-8 என்று வென்றது. ஓட்டக் கணக்கு இருக்கிறது. வந்திருந்த தாத்தாக்களின் கணக்கு இல்லை.

இனி திணை. புல்தரை ஆதலால் நிலம் முல்லை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். தாத்தா செய்வதும் அதுவே. ஆறு இன்னிங்ஸில் பேரன் பேட்டைப் பிடிப்பது இரண்டு மூன்று தடவை. மிச்சமெல்லாம் இருத்தலும் இருத்தல் நிமித்தமும்தான். முல்லைக்குப் பெரும்பொழுது கார். இங்கும் கார்தான், மகன் ஓட்டி வந்தது. இதை வெறும் சிலேடை என்று தள்ளிவிடலாகாது. கார்மழை பொழிந்தால் தலைவன் வீடு திரும்புவான் என்பது முல்லை மரபு. இங்கேயும் மழை வந்தால் ஆட்டம் ரத்தாகி எல்லோரும் வீடு திரும்புகிறோம். சிறுபொழுது மாலை என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது, ஆட்டம் காலை ஒன்பது மணிக்கு. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் இதற்கும் ஒரு வழி பண்ணியிருப்பார்.

பக்கத்து மைதானத்தில் திணைமயக்கம். அங்கே ஐந்து வயதுப் பேத்தி டீ-பால் ஆடுகிறாள். பந்தை ஒரு கம்பின்மேல் வைத்துவிடுவார்கள், அது நகராது, அப்படியும் கம்புக்குத்தான் அடி விழும். பெண் பிள்ளைகளை லிட்டில் லீக் சேர்த்துக்கொண்டது 1974-இல், அதுவும் இதே நியூ ஜெர்சியில் வழக்கு நடந்து தீர்ப்பு வந்த பிறகு. அப்படிப் போராடிப் பெற்ற உரிமையைக் கொண்டு பேத்தி மைதானக் கோடியில் குந்தி உட்கார்ந்து டேன்டிலைன் பூப் பறிக்கிறாள். பூக்கொய்தல் குறிஞ்சிப் பெண்களின் வேலை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கினார். இவள் ஒரே பூவை 99 தடவை பறிக்கிறாள்.

கிரிக்கெட் கண்ணோடு வந்தவனுக்கு ஏற்படும் இடர்கள் தனி இயலுக்கு உரியவை. முதல் வாரம் ஒன்பது வயதுப் பேரன் பந்தைப் பின்பக்கமாக நைசாகத் தட்டிவிட்டான். அருமையான லேட் கட். அடியேன் எழுந்து நின்று கைதட்டினேன். வேறு ஒருவரும் தட்டவில்லை. சேப்பாக்கத்தில் நான்கு ஓட்டம் கிடைக்கும் அடிக்கு இங்கே ஒரு ஸ்ட்ரைக் ஏறுகிறது. அடுத்த பந்தை நேரே அடித்தான். அடித்ததும் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். "டேய், பேட்டை எடுத்துக்கிட்டு ஓடுடா!" என்ற என் குரல் அடுத்த தெரு வரை கேட்டிருக்கும். மகன் திரும்பிப் பார்த்து, "அப்பா, ப்ளீஸ்" என்றான்.

ஒரு விதி மட்டும் பார்த்த உடனே பிடித்துப்போனது. தப்பாக வந்த நான்கு பந்துகளைத் தொடாமல் நின்றால் முதல் பேஸ் இனாம். வீசுகிறவனுக்கும் ஒன்பது வயது என்பதால் இது அடிக்கடி நடக்கிறது. சும்மா இருத்தல் என்ற சித்தர் நெறிக்கு வேறெந்த விளையாட்டும் இத்தனை மரியாதை தந்ததில்லை. பந்தைத் தொடாமல் விடும்போதெல்லாம் சுற்றியிருப்பவர்கள் "குட் ஐ! குட் ஐ!" என்று கத்துகிறார்கள். பாட்டி இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். இத்தனை பேர் பிள்ளையின் கண்ணைச் சொல்லிக் கத்தினால் என்னத்துக்கு ஆகும்? அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வீட்டிலிருந்த நான்கு புகை அலாரங்களும் ஒரே சமயத்தில் கத்தின. திருஷ்டி கழிந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று அவள் இன்றும் சொல்கிறாள்.

ஸ்கோர் ஏட்டில் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 'கே' என்று குறிப்பார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்த ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து கிரிக்கெட் செய்தி எழுதிவந்தவர். ஆகவே நம்மவர் இதில் தலையிடுவதற்கு முன்னுதாரணம் உண்டு. ஜூன் மாதக் கடைசி ஆட்டத்தில் பேரன் பெயருக்கு நேரே மூன்று 'கே'. மூன்றாவதுக்குப் பிறகு ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தான். வேலியோரம் மகன் முழங்கையைப் பற்றி ஏதோ சொன்னான். கோச் காலை எங்கே ஊன்றுவது என்று காட்டினார். இரண்டையும் தாண்டி நாற்காலிக்கு வந்தான்.

"நல்லா சுத்துனடா" என்றேன்.

"தாத்தா, அது அவுட்."

"இருக்கட்டும். காத்து இங்க வரைக்கும் வந்துது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு, டப்பாவைத் திறந்து இரண்டு முறுக்கை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது ஹெல்மெட்டைக் கழற்றினான்.

அடுத்த பருவம் செப்டம்பரில். அடியேனின் டிக்கெட் ஆகஸ்ட் கடைசியில். எனவே ஆய்வு ஏப்ரல் வரை நிற்கிறது. அதற்குள் வாசகர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். இந்த மடக்கு நாற்காலியின் கைப்பிடியில் டம்ளர் வைக்க வலையில் ஒரு பை தைத்திருக்கிறார்கள். டவராவோடு அதில் எதுவும் நிற்கவில்லை; மூன்று மாதத்தில் நான்கு வேட்டி கறையாயிற்று. வழி கண்டவர்கள் தெரிவிக்கவும்.