பதினாறு வயதில் மூன்று கிரெடிட்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் வணிகவியல் அறிமுகப் பாடத்தைப் படித்து, பல்கலைக்கழகக் கிரெடிட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளலாம். இதற்கு இரட்டைச் சேர்க்கை என்று பெயர். சைரக்யூஸ் பல்கலைக்கழகம் 1970களிலேயே தன் பாடங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது, வகுப்பறை, மணியோசை, கழிப்பறைக்குப் போக அனுமதிச் சீட்டு எல்லாம் பள்ளியுடையவை. அந்தச் சீட்டுக்காகக் கை தூக்கிய மாணவர், திரும்பி வந்ததும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் நான்கையும் கட்டம் போட்டு அலசி, அதன் தலைமை நிர்வாகிக்கு யோசனை சொல்கிறார். ஒப்பந்தச் சட்டமும் கொஞ்சம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர் தான் போட்ட ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் தானே ரத்து செய்துவிடலாம் என்பது அதில் வரும். தேர்வு முடிந்தும் மறக்காத பகுதி அநேகமாக இதுதான்.

வகுப்பே வேண்டாம் என்பவருக்கு, நேரே தேர்வெழுதிக் கிரெடிட் பெற கிளெப் (CLEP) என்ற தேர்வு இருக்கிறது. நிர்வாகவியல், சந்தையியல், வணிகச் சட்டம் எதுவானாலும் 90 நிமிடம். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 எடுத்தால் பல கல்லூரிகள் மூன்று கிரெடிட் தரும். பட்டத்துக்கு வேண்டியது சுமார் 120. மீதி 117க்கும் வழக்கமான கட்டணம்தான்.

கல்லூரியில் சேரும்போதுதான் சிக்கல். எந்தக் கிரெடிட்டை ஏற்பது என்பதைச் சேரும் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். சில இடங்களில் அதை விருப்பப் பாடக் கணக்கில் பெருந்தன்மையோடு வரவு வைத்துவிட்டு, தங்கள் அறிமுகப் பாடத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்வார்கள். பாடநூலின் புதிய பதிப்பையும் வாங்க வேண்டியிருக்கும்.