இசை வேண்டாம், வெளிச்சம் வேண்டும்

கேள்வி: எங்கள் ஆசிரியர் குழுவின் இணைய வகுப்புக்காக நடுகல் பற்றி ஒரு காணொளி செய்தேன். மின்னும் எழுத்து, பின்னணி இசை எல்லாம் உண்டு. பிள்ளைகள் மனசில் ஏன் நிற்கவில்லை?
- ஓர் ஆசிரியை, பென்னாகரம்

பதில்: முதலில் இசையை எடுத்துவிடுங்கள். நடுகல் என்பது வீழ்ந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல். அந்த வீரன் விழுந்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது அவனுக்கு வேண்டியது வெளிச்சம்! உச்சி வெயிலில் எடுத்த படத்தில் வெறும் பாறைதான் தெரியும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுங்கள், அல்லது பொழுது சாய்ந்தபின் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். கல்லில் வெட்டிய பழைய வட்டெழுத்தின் ஒவ்வொரு வளைவிலும் நிழல் தேங்கி, வில்லும் வாளும் எழுந்து நிற்கும். பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வையுங்கள்.

தருமபுரி அருங்காட்சியகத்திலேயே நடுகற்கள் இருக்கின்றன. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் இன்னும் விசேஷம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து அந்தக் கல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வரைக் கடித்துக் காத்த நாய்! அதை மட்டும் பெரிதாக்கி, "இது யார்?" என்று ஒரே ஒரு கேள்வி போடுங்கள். வகுப்பு மொத்தமும் பதில் சொல்லும்.

2018 முதல் நம் பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் கிடைக்காதது, உங்கள் ஊர்க் கல். காணொளியைவிடப் படமாகவே அனுப்புங்கள். சிக்னல் குறைந்த மலையூர்ப் பிள்ளையின் கைபேசியிலும் சட்டென்று திறக்கும்.