கை தட்டக் கூடாத ஊரிலிருந்து

லண்டன்,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அத்தானுக்கு,

உங்க வாய்ஸ் மெசேஜ் வந்துது. அதுல பாதி அக்கா குறுக்க பேசுனது, கால்வாசி மாடு கத்துனது. மிச்சத்துல விஷயம் பிடிபட்டுது. இந்த வருசக் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டா, பாட்டுக் கச்சேரியான்னு கமிட்டி ரெண்டா நிக்குது. "நீ சீமையில நாலு கச்சேரி பாத்தவன், பாத்ததுல நல்லது எது, மோசம் எதுன்னு எழுது, கூட்டத்துல வாசிச்சுக் காட்டுதேன்"ங்கீய. வெளிநாட்டுக்காரனுக்கு வரி ரெட்டைன்னு கடைசியில வேகமாச் சொல்லி வச்சதையும் கவனிச்சேன்.

சொல்லுதேன். அதுக்கு முன்னால இந்த ஊருல கச்சேரி கேக்குத லட்சணத்தச் சொல்லியாகணும்.

இங்க ராயல் ஆல்பர்ட் ஹால்னு ஒண்ணு இருக்கு. 1871-ல தொறந்தது. கட்டி முடிச்ச பெறகுதான் எதிரொலி தெரிஞ்சிருக்கு. ஒரு தடவ காசு குடுத்தா ரெண்டு தடவ கேக்கலாம்னு ஊரே கேலி பேசியிருக்கு. 1969-ல கூரையிலருந்து பெரிய பெரிய தட்டுகளத் தொங்கவிட்டு ஒரு வழியா அடக்குனாங்க. காளான்னே அதுக்குப் பேரு. எங்க ஆபீஸ் வெள்ளைக்காரன் ஒருத்தன்தான் என்னைய மொதல்ல கூட்டிட்டுப் போனான். அண்ணாந்து காளானப் பாத்துட்டு, எங்க ஊரு நெல்லையப்பர் கோயில்ல கல்தூணத் தட்டுனா சுரம் பேசும், கூரையில ஒண்ணும் தொங்கவிட வேண்டியதில்லன்னு விட்டேன். "இப்பமும் தட்டலாமா?"ன்னான். கம்பி போட்டு அடைச்சிருக்குன்னு சொல்ல மனசு வரல. பேச்ச மாத்திட்டேன்.

வருசா வருசம் கோடைக்கு அங்க 'ப்ராம்ஸ்'னு கச்சேரித் திருவிழா. 1895-ல வேற அரங்குல தொடங்குனது. உக்காந்து கேக்கணும்னா காசு எகிறும். மேடைக்கு முன்னால நிக்கதுக்குக் காசு கம்மி. நான் நிக்க கட்சி. நின்னு கேட்டாத்தான் சங்கீதம் உள்ள எறங்கும்னு ஆபீஸ்ல சொல்லிக்கிடுதேன்.

இப்ப சட்டத்துக்கு வாரேன். சிம்பொனின்னா பொதுவா நாலு பகுதி, பாத்துக்கிடுங்க. ஒரு பகுதி முடிஞ்சு அடுத்தது தொடங்குததுக்குள்ள சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில கை தட்டக் கூடாது. நாலும் முடிஞ்சாத்தான் தட்டணும். இத எந்தச் சுவருலயும் எழுதிப் போடல. தட்டுனா முன்னால நிக்க கிழவர் கழுத்த நூலளவு திருப்பி ஒரு பார்வை பாப்பாரு. அம்புட்டுதான், பெறகு ஆயுசுக்கும் தட்டமாட்டோம்.

தட்டக் கூடாது, ஆனா இருமலாம். வாசிக்கையில யாரும் இருமக் கூடாதுல்லா, அதனால எல்லாரும் சேத்து வச்சு, இடைவெளி வந்ததும் ஆயிரக்கணக்குல இருமுதாங்க. இருமாதவனும் மொறைக்கு ஒண்ணு செருமி வைக்கான். எம்பது பேரு வேர்க்க விறுவிறுக்க வாசிச்சதுக்கு மொத மரியாதை இருமல்! மிட்டாய்க் காயிதத்தையும் அப்பத்தான் பிரிக்கணும். ஒருநாள் எங்க வீட்டுக்காரி கண்ணாடி வளையல் போட்டுட்டு வந்துட்டா. ரெண்டு மணி நேரம் கைய நெஞ்சோட கட்டிக்கிட்டு நின்னவள, குளிருதான்னு பக்கத்துப் பொம்பள கேட்டுது. தொடையில விரலால தாளம் போட்டேன், அதுக்கும் பார்வை. இப்ப ஷூவுக்குள்ள கட்டைவிரலால ஆதி தாளம் போடுதேன். வெளிய தெரியாது. இந்த வயசுல களவாணித்தனமா தாளம் போடுத நெலமையப் பாருங்க.

சரி, ஆதியிலருந்தே இப்படித்தான் போலன்னு நெனச்சு, புஸ்தகத்தப் புரட்டுனா கதை வேற. மொசார்ட் 1778-ல பாரீஸ்லருந்து அவங்க அப்பாவுக்குக் காயிதம் போடுதாரு. சிம்பொனி நடுவுல ஒரு இடம் ஜனத்துக்குப் புடிக்கும்னு தெரிஞ்சேதான் வச்சேன், வாசிக்கையிலயே தட்டிட்டாங்க, சந்தோசத்துல வெளிய போயி ஐஸ் சாப்பிட்டேன்னு எழுதுதாரு. பீத்தோவனோட ஏழாவது சிம்பொனிய 1813-ல வியன்னாவுல அரங்கேத்துனப்ப, ரெண்டாம் பகுதிய இன்னொரு தடவ வாசின்னு நடுவுலயே கேட்டு வாங்கியிருக்கு கூட்டம். தட்டக் கூடாதுங்கதெல்லாம் பின்னால வந்தவங்க போட்ட வேலி. வாக்னரு கதை இன்னும் மோசம். 1882-ல அவரோட 'பார்சிஃபால்' நடக்கையில, ஒரு இடம் முடிஞ்சதும் அவரே சபாஷ்னு கத்திட்டாராம். எழுதுனது இவருதான்னு தெரியாம சுத்தி இருந்தவங்க உஸ்ஸுன்னு அடக்குனாங்களாம். சொந்தக் கல்யாணத்துல தாலி கட்டப் போனவனப் பந்தியில ஒதுக்கி உக்கார வச்ச மாதிரி.

இந்த வேலியிலயும் ஒரு கள்ள வழி உண்டு. சைக்கோவ்ஸ்கியோட ஆறாவது சிம்பொனி. மூணாம் பகுதி கொட்டும் கொழலுமா தேரு நெலைக்கு வந்த ஆரவாரத்துல முடியும். யாருக்குமே கை நிக்காது, தட்டிருவாங்க. ஆனா பாட்டு முடியல, நாலாவது ஒண்ணு இருக்கு, அது முழுசும் ஒப்பாரி. அதை அரங்கேத்துன ஒம்பதாம் நாள் மனுசன் போயிட்டாரு, 1893-ல. நான் கேட்ட அன்னைக்குப் பாதி அரங்கு தட்டுச்சு, மீதிப் பாதி உஸ்ஸுன்னுச்சு. தட்டுன சத்தத்த விட உஸ் சத்தம் பெருசு. அடுத்து வந்த ஒப்பாரியில மொதப் பத்து விநாடி ஒருத்தர் காதுலயும் விழல. நான் பக்திமானா கையக் கட்டிக்கிட்டு நின்னேன். அப்படி நின்னதுல பெருமை ஒண்ணும் இல்ல.

இங்க கேட்டதுல நல்லதுன்னா 2025 மார்ச் 8. இளையராஜா ஹேமர்ஸ்மித்துல உள்ள ஈவென்டிம் அப்பல்லோ அரங்குல 'வேலியன்ட்' சிம்பொனிய அரங்கேத்துனாரு. வாசிச்சது ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா. மொதப் பகுதி முடிஞ்சுது. அவ்வளவுதான் அத்தான், அரங்கே எந்திரிச்சுத் தட்டாத கொறைதான்! வேலியாவது ஒண்ணாவது. ரெண்டாவது முடிஞ்சும் தட்டுனாங்க, மூணாவது முடிஞ்சும் தட்டுனாங்க. வாசிக்கவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஊருக்குத் திரும்பிப் போயி ராஜாவே பத்திரிகைக்காரங்ககிட்ட இதைச் சொன்னாருல்லா, நாலு பகுதியும் முடியுத வரைக்கும் தட்டக் கூடாதுங்கது சட்டம், நம்ம ஆளுங்க ஒவ்வொண்ணுக்கும் தட்டிட்டாங்கன்னு. அதுல நான் தட்டுனதும் சேத்தி. இத்தன வருசம் ஷூவுக்குள்ள அடக்கி வச்சது அன்னைக்குத்தான் கைக்கு ஏறுச்சு. உள்ளங்கை செவந்து போச்சு. இவ வளையல் ஒண்ணு ஒடஞ்சுது.

நம்ம ஆளுங்கன்னா எல்லாரும் ஒண்ணுன்னு நெனச்சிராதீங்க. 2017-ல வெம்ப்ளியில ஏ. ஆர். ரகுமான் கச்சேரி. பேரே 'நேற்று, இன்று, நாளை'. பேரத் தமிழ்ல வச்ச பெறகும், என்ன தமிழ்ப் பாட்டா பாடுதாருன்னு கொஞ்சப் பேரு எந்திரிச்சுப் போயி, காசத் திருப்பிக் குடுன்னு இணையத்துல சண்டை போட்டாங்க. பேப்பர்ல கூட வந்துது.

இங்க கேட்டதுல மோசமானதுன்னா எங்க பயலோட பள்ளிக்கூடக் கச்சேரிதான். முப்பது பிள்ளைய, முப்பது பிளாஸ்டிக் குழலு, ஆளுக்கொரு சுருதி. அங்க மட்டும் எப்ப வேணாலும் தட்டலாம். சீக்கிரம் முடியட்டும்னு அப்பப்பத் தட்டிக்கிட்டே இருந்தோம்.

ஆனா இதெல்லாம் நீங்க கேட்டதுக்குப் பதில் இல்ல. பாத்ததுலேயே நல்லதுன்னா நம்ம கொடையில முத்துப்பட்டன் கதை படிச்ச வில்லுதான். நான் அரை டவுசர் போட்ட காலம். அக்கா மடியில தலை வச்சுத் தூங்கிட்டேன், நீங்க அப்ப எங்க வீட்டுக்கு வரப்போக ஆரம்பிக்கல. குடத்துச் சத்தத்துல முழிச்சேன். பட்டனுக்குக் கல்யாணம் முடிஞ்ச ராத்திரி. மாட்டக் களவாணிப் பயலுவ ஓட்டிட்டுப் போயிட்டானுவன்னு சேதி வருது. பொம்மக்காவும் திம்மக்காவும் அழுதாளுவ. இவன் கெளம்புதான். உடனே கூட்டத்துலருந்து வடக்குத் தெரு ஆச்சி எந்திரிச்சு, "போகாதேய்யா, ஒருத்தன் ஒளிஞ்சு நிக்கான்!"னு கத்துனா. வில்லடிச்ச அண்ணாவி வீசுகோல நிறுத்திட்டாரு. உடுக்கையும் நின்னுது. "ஆச்சி, நான் எங்க போகச் சொன்னேன்? கதைல்லா போகச் சொல்லுது"ன்னாரு. பக்கத்துல பின்பாட்டுக்காரரு, "ஆமா!"ன்னாரு. ஆச்சி மூக்கச் சிந்திக்கிட்டே உக்காந்தா. பெறகுதான் பட்டன் போயி, வெட்டி, ஓடையில கத்தி கழுவையில குத்துப்பட்டுச் செத்தான். அந்த வருசம் ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போனப்ப, அந்தப் பட்டன் சாமியா நிக்க பட்டவராயன் சன்னதியில தொங்குத செருப்பப் பாத்து எனக்கு அழுக முட்டிட்டு வந்துது. எல்லாரும் வேண்டுதலுக்குன்னு நெனச்சாங்க.

இங்க எவனும் எந்திரிச்சுக் கேக்க மாட்டான் அத்தான். அதுதான் எனக்கு மனக்கொறை. கச்சேரி முடிஞ்சதும் தட்டுவாங்க, நல்லாவே தட்டுவாங்க, கோட்ட மாட்டிட்டுப் பத்தே நிமிஷத்துல எல்லாரும் பாதாள ரயிலுக்குப் போயிருவாங்க. வில்லு முடிஞ்சா விடியக்காலம் டீக்கடையில அண்ணாவி பாடுன பாட்டத் திருத்திப் பாடிக் காட்டுவாருல்லா நம்ம தாத்தா, அந்தப் பேச்சுக்கு இங்க ஆளே இல்ல. ரயில்ல எதுத்தாப்புல இருக்கவன்கிட்ட "இன்னைக்கு அந்த செல்லோ எப்படி?"ன்னு கேட்டுப் பாத்தேன். அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிட்டான்.

தாத்தாவுக்கு எந்தக் கச்சேரியும் காருக்குறிச்சி அருணாசலத்துக்குப் பெறகு சப்புன்னுதான். 1964-ல அவரு போன பெறகு நாயனம்னு யாரு வாசிச்சாலும் தாத்தா பாதியில எந்திரிச்சிருவாரு. ராஜரத்தினம் பிள்ளைகிட்ட படிச்ச கையி, கேட்ட காதுல வேற எது போகும்பாரு. எனக்கு வாய்ச்சது 'கொஞ்சும் சலங்கை'யில எஸ். ஜானகி கொரலோட ஓடுத அந்த நாயனம் மட்டுந்தான். இங்க குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டும்போது அதப் போட்டுவிடுதேன். மேல் வீட்டுக்காரன் கீழ எறங்கி வந்தான், சத்தத்துக்குச் சண்டைக்குன்னு நெனச்சேன். இது என்ன வாத்தியம்னு கேட்டுட்டு நடையிலயே நின்னு முழுசும் கேட்டான்.

மோசமானது எதுன்னு கேட்டா நீங்க கோவிச்சுக்கிடக் கூடாது. நீங்க முன்ன நின்னு கொண்டாந்த அந்தப் பாட்டுக் கச்சேரிதான். பாடுதவன் வாயும் பாட்டும் வேற வேற நேரத்துல வந்துது. பாக்ஸ அடுக்கினதுல பெரியம்மா வீட்டு ஓடு ரெண்டு சரிஞ்சுது. பொன்னாடை போத்துததுலயே பாதி ராத்திரி போச்சு, அதுல ரெண்டு உங்க தோள்ல விழுந்துதுன்னு அக்கா சொல்லிருக்கா. சாமக்கொடைக்கு மேளம் கொட்டுனா மேளம் கேக்கல. அருளு வந்த சாமியாடி பாதியில முழிச்சு நின்னாரு. கடைசியில சுடலையே எறங்கி, "ஏல, அந்தச் சவுண்டக் கொறைங்கல"ன்னு வாக்குச் சொல்லிச்சு. ஊருக்கு மழை உண்டா இல்லையான்னு கேக்க நின்ன ஜனத்துக்கு அந்த வருசம் வாக்கு அம்புட்டுதான். இதையும் கூட்டத்துல வாசிங்க.

இன்னொரு சங்கதி. கொடைக்கு நான் வாரேன்லா, அந்த ஆபீஸ் வெள்ளைக்காரனும் கூட வாரேன்னு நிக்கான். மச்சுல பாய் போட்டாப் போதும், கொசுவலை மட்டும் பாத்துக்கிடுங்க. சாமி வேட்டைக்குப் போகையில பின்னால விட்டுராதீங்க, ஓடுத வேகத்துக்கு அவன் தாங்கமாட்டான். வில்லுக்காரங்க பக்கத்துல எடம் போடுங்க. எப்ப கை தட்டணும்னு இப்பமே கேட்டு அரிக்கான். தட்டவே வேண்டாம், 'ஆமா' போட்டாப் போதும்னு பழக்கிட்டேன். பயல் நல்லாச் சொல்லுதான், ஆனா எதுக்குச் சொல்லணும்னு வகை தொகை இல்ல. தமிழ்ல எது காதுல விழுந்தாலும் "ஆமா"தான். இன்னும் ரெண்டு இட்லி வைக்கவான்னு அக்கா கேட்டாலும் அதத்தான் சொல்லுவான். அவளப் பாத்து வைக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க மச்சினன்