எந்த டும், எத்தனை டும்?

மதுரை வாசகர்: ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டப்ஸ்டெப் என்று எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்கில் நூறு பெயர் சொல்கிறார்கள். என் காதுக்கு எல்லாம் ஒரே 'டும் டும்'. எதை வைத்துப் பிரிப்பது?

அந்த டும்மை வைத்துத்தான். மெட்டைத் தேடிப் போனால் தொலைந்தீர்கள், பாதிப் பாட்டில் அது இருக்காது. அந்த டும், அதாவது கிக் டிரம், எங்கே விழுகிறது என்று மட்டும் கேளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணும்போது நான்கிலும் தவறாமல் விழுந்தால் அது ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் குடும்பம். இடறி, ஒன்றைத் தாண்டி, நினைக்காத இடத்தில் விழுந்தால் டிரம் அண்ட் பேஸ், டப்ஸ்டெப், யூகே கராஜ் பக்கம். பாதி வேலை இதிலேயே முடிந்தது. மீதிக்கு வேகத்தைப் பாருங்கள்.

சேலம் வாசகி: வேகத்தை அளக்க ஏதாவது கருவி வேண்டுமா?

கைக்கடிகாரம் போதும். 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 120-லிருந்து 128 வரை வந்தால் பெரும்பாலும் ஹவுஸ். டெக்னோ அங்கே தொடங்கி 140-ஐயும் தாண்டும். டிரான்ஸ் 130-க்கு மேல். டிரம் அண்ட் பேஸ் 170-ஐ ஒட்டி ஓடும். டப்ஸ்டெப்பில்தான் ஏமாறுவீர்கள். கணக்குப்படி 140, ஆனால் ஸ்நேர் மூன்றாவது தட்டில் மட்டும் விழுவதால் உடம்பு அதை 70 என்றே எடுத்துக்கொள்ளும்.

கோவை வாசகர்: ஹவுஸும் டெக்னோவும் எனக்கு இரட்டைப் பிள்ளைகள். யார் மூத்தவர்?

ஹவுஸ், கொஞ்சம். 1979 ஜூலையில் சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ செத்தது என்று கைதட்டிய அதே ஊரில், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் அதை விடாமல் சுழற்றிக்கொண்டிருந்தார். ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அவர்களிலும் பலர் தன்பாலீர்ப்பினர். டிஸ்கோவின் எலும்புக்கூட்டில் டிரம் மெஷினைப் பொருத்தி அங்கே எழுந்ததுதான் ஹவுஸ். அதனால்தான் இன்றைக்கும் ஹவுஸில் ஒரு குரல் உருகும், பியானோ துள்ளும், இரண்டிலும் நான்கிலும் கைதட்டு விழும்.

டெக்னோ டெட்ராய்ட்காரர்களுடையது. ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் புறநகர்ப் பள்ளித் தோழர்கள். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்க ஃபங்க்கையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்தவர்கள். குரல் குறைவு, உலோகச் சத்தம் அதிகம்.

ஆனால் ஒரு வேடிக்கை. 1988-ல் இவர்கள் இசையைத் தொகுத்து பிரிட்டனில் ஓர் ஆல்பம் வந்தது. அதற்கு முதலில் வைக்கவிருந்த பெயரில் இருந்தது 'டெட்ராய்ட்டின் ஹவுஸ்' என்பதுதான். அட்கின்ஸ் கொடுத்த பாட்டின் தலைப்பில் 'டெக்னோ' இருக்கவே, ஆல்பத்தின் பெயரும் மாறியது. ஆக, உங்கள் குழப்பத்தை இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களும் பட்டிருக்கிறார்கள்.

நாகர்கோவில் வாசகர்: ஆசிட் ஹவுஸ் என்றால் போதை மருந்து சமாச்சாரமா?

கிளப்புக்குள் என்ன நடந்தது என்பது வேறு கேள்வி. காதுக்கு அது ஒரு மெஷினின் சமாச்சாரம். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டியை விற்றது. தனியாக உட்கார்ந்து வாசிக்கும் கிட்டார்காரருக்கு இது பேஸ் கிட்டாராகத் துணை நிற்கும் என்றார்கள். பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை. வியாபாரம் படுத்தது. 1984-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள்.

படுத்த சரக்கு செகண்ட் ஹேண்ட் கடைக்கு வரும், காசில்லாத பையன்கள் அங்கேதான் போவார்கள். சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதை வாங்கி, குமிழ்களைத் தாறுமாறாகத் திருக, குமிழியிட்டு நெளிந்து கீச்சிடும் ஒரு சத்தம் பிறந்தது. 1987-ல் அது 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டாக வெளிவந்தது. அதற்கு முன்பே மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி அதைப் போட்டபோது கூட்டம் விலகிப் போனதாம். அவர் அசரவில்லை, அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நான்காவது தடவை எல்லோரும் வெறிபிடித்து ஆடினார்கள் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் கதை. நெளியும் சத்தம் கேட்டால் ஆசிட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

புதுச்சேரி வாசகி: ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்ததே ஓர் இந்தியர்தான் என்று வாட்ஸ்ஆப்பில் வந்ததே?

பாதி சரி, வாட்ஸ்ஆப்புக்கு அதுவே அதிகம். மும்பை சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் கிட்டார் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் எல்பி வெளியிட்டார். அதில் அதே 303 இருக்கிறது, நெளிவும் இருக்கிறது. கேட்டால் சிகாகோவா, மும்பையா என்று ஒரு நிமிஷம் தடுமாறுவீர்கள். ஆனால் அந்த எல்பி விற்கவில்லை, 2010-ல் மறுபதிப்பாக வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சிகாகோ பையன்கள் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. முந்தியவர் என்று சொல்லுங்கள், மூதாதையர் என்று சொல்லாதீர்கள்.

ஈரோடு வாசகர்: என் மகன் டப்ஸ்டெப் என்று போடுவது மிக்ஸியில் கல் மாட்டிய சத்தமாக இருக்கிறது.

உங்கள் மகன் கேட்பது அமெரிக்க மிக்ஸி. 2010-ல் ஸ்கிரில்லெக்ஸ் என்ற இசைத் தயாரிப்பாளர் வந்த பிறகு பரவிய பாணி அது. அசல் டப்ஸ்டெப் தென் லண்டனின் கிராய்டன் பக்கத்து ஆட்களுடையது. அதில் சத்தத்தைவிட இடைவெளி அதிகம். ஜமைக்காவின் டப் இசையிலிருந்து வந்த ஆழமான பேஸ், நெஞ்சில் உணர வேண்டியது. செல்போன் ஸ்பீக்கரில் போட்டால் முக்கால்வாசிப் பாட்டு காணாமல் போய்விடும். வீட்டில் நிம்மதி வேண்டுமென்றால் மகனை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: டிரம் அண்ட் பேஸில் எல்லாப் பாட்டிலும் அதே டிரம் கேட்கிறதே, பிரமையா?

பிரமை இல்லை, நல்ல காது. தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969-ல் 'ஆமென், பிரதர்' என்ற பாட்டை ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டது. நடுவில் மற்றவர்கள் நிறுத்த, டிரம்மர் கிரெகரி கோல்மன் மட்டும் நான்கு பார் வாசிக்கிறார். ஏறத்தாழ ஆறு விநாடி. பிற்காலத்தில் லண்டன் பையன்கள் அந்த ஆறு விநாடியைச் சாம்ப்ளரில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, துண்டு துண்டாக நறுக்கி மாற்றி அடுக்கினார்கள். ஜங்கிள் பிறந்தது, அதிலிருந்து டிரம் அண்ட் பேஸ். ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குத் தாளம் போட்ட கோல்மனுக்கு ராயல்டியாக ஒரு காசு வரவில்லை. 2006-ல் வறுமையில் இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் திரட்டித் தந்தது 24,000 பவுண்டு. அந்தப் பாட்டுகளால் சம்பாதித்தவர்களின் கணக்கோடு ஒப்பிட்டால் அது டிப்ஸ்.

விருதுநகர் வாசகி: டிரான்ஸை அடையாளம் காண ஒரே வரியில்?

கிக் சட்டென்று நின்று, சிந்தசைசர் மேகம்போல் எழுந்து, கூட்டம் இரு கைகளையும் தூக்கினால் அது டிரான்ஸ். கோவா கடற்கரையிலிருந்து கிளம்பிய சைடிரான்ஸ் வேறு ரகம்: இரண்டு கிக்குக்கு நடுவே பேஸ் மூன்று தடவை குதிரைப் பாய்ச்சலில் ஓடும், மூச்சு விட இடம் தராது.

சிங்கப்பூர் வாசகர்: 'இன்டெலிஜென்ட் டான்ஸ் மியூசிக்' என்றொரு வகை இருக்கிறதாமே?

இருக்கிறது. அதில் பெரும்பாலானவற்றுக்கு ஆட முடியாது. அந்த வகையில் சேர்க்கப்பட்ட பல கலைஞர்களுக்கே அந்தப் பெயர் பிடிக்காது.

டொரண்டோ வாசகி: எம்.ஐ.ஏ. எந்த வகை?

வகைக்காரர்களைத் தலைசுற்ற வைத்த வகை. எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம், 2005-ல் வெளிவந்த 'அருளர்' ஆல்பத்துக்கு ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் பாட்டு கட்டத் தொடங்கினார். அதில் லண்டன் தெருச் சத்தமும் உண்டு, ரியோவின் பைலே ஃபங்க்கும் உண்டு. 2007-ன் 'கலா'வுக்குச் சென்னைக்கே வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டு போனார். கடைக்காரர் எந்த அலமாரியில் வைத்திருப்பாரோ!

திருச்சி வாசகர்: இத்தனை உட்பிரிவு யாருக்கு வேண்டும்?

டிஜேவுக்கு. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை உள்ளே நுழைக்க வேண்டும், வேகமும் தட்டும் பொருந்தாவிட்டால் மேடையிலேயே மானம் போகும். அதற்காகத்தான் பீட்போர்ட் போன்ற இணையக் கடைகள் டெக்னோவையே இரண்டாகப் பிரித்து 'ரா, டீப், ஹிப்னாட்டிக்' என்றெல்லாம் ஒட்டி வைக்கின்றன. நீங்கள் ஆடப் போகிறவரானால் அந்தச் சீட்டைப் படிக்க வேண்டியதில்லை.

காரைக்குடி வாசகர்: ஹார்ட்கோரில் கேபர் என்பது?

ராட்டர்டாம் சரக்கு. வேகம் 160-க்கு மேல். 15 விநாடி எண்ணும் வழி இதற்கு உதவாது, வாய் குழறும்.

தூத்துக்குடி வாசகி: கிக்கே இல்லாமல் டான்ஸ் மியூசிக் உண்டா?

தென்னாப்பிரிக்காவின் அமாபியானோ கேளுங்கள். வேகம் 110-ஐ ஒட்டி, ஷேக்கர் சலசலக்கும், ஜாஸ் சாயலில் கீபோர்ட். கிக் பல இடங்களில் ஒதுங்கிக்கொள்ள, லாக் டிரம் என்ற கனத்த, வழுக்கும் பேஸ்தான் தாளத்தைத் தூக்கிப் போகும். முதல் ஒரு நிமிஷம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், அவசரப்பட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள். லாக் டிரம் அதற்குப் பிறகுதான் வரும்.